வீட்டுப் பட்டறையில் வெல்டிங் வேலைக்கு வேண்டிய வெளிச்சம்

இணுவிலிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் செம்மண் தோட்டமும் மானாவாரி வயலும் செய்யும் கமக்காரருட் பலர் இப்பொழுது வீட்டிலேயே ஒரு சிறு வெல்டிங் பெட்டி வைத்திருக்கின்றனர். முன்னர் இரும்பு உடைந்தால் அதனைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு சுன்னாகத்திற்கோ மருதனார்மடத்திற்கோ போதல் வேண்டும். உழவு காலத்திற் பட்டறைக்காரரிடம் முறை வருவதற்கு இரண்டு மூன்று நாட் காத்திருத்தலும் உண்டு. ஒரு கையாற் தூக்கிச் செல்லத்தக்க பெட்டிகள் கடைக்கு வந்துவிட்டமையால், வயலிற் பூட்டும் இரும்புச் சில்லின் பல், இழுவைப் பெட்டியின் அடித்தகடு, நீரிறைக்கும் இயந்திரத்தின் தாங்கி, படலையின் பிணைச்சல் ஆகியவற்றைக் கமக்காரர் தாமே ஒட்டிக்கொள்ளுகின்றனர். இது வரவேற்கத்தக்கதே. ஆயினும் இவ்வேலையைப் பற்றி இரண்டு குறைகள் எம்மிடம் அடிக்கடி சொல்லப்படுகின்றன. ஒட்டியது நிலைப்பதில்லை என்பது ஒன்று; இரவிற் கண் எரிகின்றது என்பது மற்றொன்று. இவை இரண்டும் வெவ்வேறு குறைகளெனத் தோன்றினும், பெரும்பாலும் ஒரே காரணத்தினின்று பிறப்பவை. வேலை செய்பவருக்குத் தாம் ஒட்டும் இடம் தெரிவதில்லை.

சென்ற காலபோக உழவிற்கு முந்திய ஒரு மாலைப்பொழுதில் இணுவிலில் ஒரு கமக்காரர் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அவர் கொட்டிலின் கீழ் அமர்ந்து இரும்புச் சில்லிற் கழன்ற பற்களை ஒட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்ந்துவிட்டது. அவருடைய மனைவியார் அருகிற் குந்தியிருந்து ரோர்ச் விளக்கைப் பற்களின்மேற் பிடித்துக்கொண்டிருந்தார். முகமறைப்பு நிலத்திற் கிடந்தது. ஏன் அதனை அணியவில்லை என்று கேட்டேன். "தம்பி, அதைப் போட்டால் ஒண்டுந் தெரியுதில்லை. நெருப்புப் பத்தின பிறகுதான் இடம் தெரியுது. அதுக்குள்ளை குச்சி வேறை இடத்திலை ஒட்டிப்போடும்" என்றார்.

அவர் சொன்னது முழுதும் உண்மை. அதனால் அவர் செய்தது என்னவெனில், கண்ணை அகலத் திறந்து குச்சியை இடத்தில் வைத்து, தட்டும் கணத்திற் கண்ணை இறுக மூடிக்கொள்ளுதல். தட்டுபவர் அவரே ஆதலின் அக்கணம் அவருக்குத் தெரியும். விளக்குப் பிடித்திருந்த அம்மையாருக்கோ அது தெரியாது. ஒவ்வொரு முறையும் ஒளி எழுந்த பின்னரே அவர் முகத்தைத் திருப்பினார். அன்றிரவு பத்து மணிக்குப் பின் அவர் கண்களில் மணல் கொட்டியது போன்ற வலி எழுந்து நீர் ஒழுகத் தொடங்கியது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வெங்காயம் நடும் வேலைக்கு அவராற் போக இயலவில்லை. ஒட்டிய பற்களுள் மூன்று, வயலின் முதற் சாலிலேயே கழன்றன.

இனி இத்தகைய வேலையில் விளக்கை ஒருவர் கையிற் பிடித்தல் கூடாது; விளக்கைத் தாங்க ஒரு கால் செய்துவைத்தல் வேண்டும். இப்பிரசுரத்தின் கருத்து இதுவே. எஞ்சியவை அதனை எவ்வாறு செய்வது என்பதற்கான விவரங்கள்.

கருங்கண்ணாடி ஏன் இருளாக இருக்கின்றது

குச்சியின் நுனிக்கும் இரும்பிற்கும் இடையே எழும் மின்வில் கண்கூசும் ஒளியை மாத்திரம் தருவதன்று. கண்ணுக்குப் புலப்படாத கழியூதாக் கதிரும், வெப்பத்தைச் சுமக்கும் செங்கீழ்க் கதிரும் அதனோடு வருகின்றன. கழியூதாக் கதிர் விழியின் முன்புறத்து மெல்லிய படலத்தைப் பொசுக்குகின்றது. வெயிலிற் காய்ந்த தோல் சில மணித்தியாலங் கழித்தே எரியத் தொடங்குவது போல, கண்ணும் உடனே நோவதில்லை. பெரும்பாலும் ஆறு முதற் பன்னிரண்டு மணித்தியாலத்தின் பின்னரே நோவு தோன்றும். வேலை செய்தபொழுது ஒன்றும் நேரவில்லை என்று பலர் எண்ணுவதற்கு இத்தாமதமே காரணம். உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, 2017 ஆம் ஆண்டில் வெல்டிங் புகையையும் வெல்டிங்கில் எழும் கழியூதாக் கதிரையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பவற்றின் வகுப்பிற் சேர்த்தது. ஆதலின் இது ஓரிரவு நோவோடு முடியும் காரியமென்று கருதலாகாது.

முகமறைப்பிலுள்ள கருங்கண்ணாடிக்கு ஓர் இலக்கம் உண்டு. இலக்கங் கூடக் கருமையுங் கூடும். 10 ஆம் இலக்கக் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 7,000 இல் ஒரு பங்கையே உள்ளே விடுகின்றது. 9 ஆம் இலக்கம் 2,700 இல் ஒரு பங்கையும், 11 ஆம் இலக்கம் 19,000 இல் ஒரு பங்கையும் விடும். நடுப்பகல் வெயிலே இக்கண்ணாடியினூடாக மங்கிப் போகுமாயின், கொட்டிலிற் தொங்கும் ஒரு சிறு விளக்கு என் செய்யும்? கமக்காரர் கண்ணிற் பழுதில்லை, கண்ணாடியிலும் பழுதில்லை. மின்வில் இல்லாத நேரத்திற் பார்ப்பதற்காக அக்கண்ணாடி செய்யப்படவில்லை என்பதே பொருள்.

வீட்டு வேலைக்கு 2.5 மில்லிமீற்றர் குச்சியை 60 முதல் 90 அம்பியர் வரையிற் பயன்படுத்துங்கால் 9 அல்லது 10 ஆம் இலக்கம் பொருந்தும். 3.2 மில்லிமீற்றர் குச்சிக்கு, 90 முதல் 130 அம்பியரில், 10 அல்லது 11 வேண்டும். கூடிய இலக்கம் கூடிய காவல் என்றெண்ணிச் சிறு குச்சிக்கு 13 ஆம் இலக்கம் வாங்கியவர்களைக் கண்டிருக்கின்றேன். அவர்களுக்கு உருகிய இரும்பே சரியாகத் தெரிவதில்லை. ஆகையால் ஈற்றில் முகமறைப்பையே கழற்றிவிடுகின்றனர். வெயிற்கண்ணாடி, புகை பிடித்த கண்ணாடி, பழைய படச்சுருள் ஆகியவை எவ்வாற்றானும் உதவா.

சூரியனைப் பார்ப்பதற்கு இக்கண்ணாடி போதுமா என்ற கேள்வியும் இவ்விடத்தில் எழுவதுண்டு. 2019 டிசம்பர் 26 ஆந் திகதி யாழ்ப்பாணத்திற் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபொழுது என்னிடம் இதனைக் கேட்டவர் சிலர். அதற்கு வேண்டியது 14 ஆம் இலக்கம். பட்டறையிற் கிடக்கும் 10 ஆம் இலக்கம் அதனிலும் ஐம்பது மடங்கு ஒளியை உள்ளே விடும். அதனாற் சூரியனைப் பார்த்தல் கூடாது.

விளக்கை எங்கே வைப்பது

மின்வில் எழுமுன் இணைப்பைத் தெளிவாகப் பார்த்தல் வேண்டும். அதற்கு நல்ல வெளிச்சம் இணைப்பின்மேல் விழுதல் வேண்டுமேயன்றி, கொட்டில் முழுதும் பரவுதல் அவசியமன்று. ஒரு விளக்கின் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், இணைப்பின்மேல் விழும் வெளிச்சம் நான்கு மடங்காகும். எட்டடி உயரத்துக் கூரையிற் தொங்கும் விளக்கை இரண்டடி தூரத்திற்குக் கொண்டுவந்தால் பதினாறு மடங்கு. புதிய விளக்கு வாங்குமுன் உள்ள விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பார்க்குமாறு நான் சொல்வது இதனாலேயே.

குடாநாட்டில் 1990 ஆம் ஆண்டிற்குப் பின் மின்சாரம் நின்று மண்ணெண்ணெயும் அரிதாகிய காலத்தில், ஜாம் போத்தலில் ஒரு துளி எண்ணெய் ஊற்றித் திரி போட்டு அவ்வெளிச்சத்திற் படித்துத் தேறிய பிள்ளைகள் இன்று நடுவயதினர். அவ்விளக்கைப் புத்தகத்தின் ஓரத்திலேயே வைத்துப் படித்தார்கள். சுவரில் மாட்டிப் படிக்கவில்லை. அந்த அறிவே இங்கும் வேண்டப்படுவது.

விளக்கு, வேலை செய்பவரின் முன்னிருந்தோ நேர் பின்னிருந்தோ ஒளிர்தல் கூடாது. முன்னிருந்தால் கண் கூசும். பின்னிருந்தால் அவருடைய நிழலே இணைப்பை மூடும். மேலும் அவ்வொளி முகமறைப்பின் உட்புறம் புகுந்து கண்ணாடியிற் பட்டு, அவர் முகத்தையே அவருக்குக் காட்டும். வலக்கையாற் குச்சி பிடிப்பவருக்கு இடப்புறம், தோளுக்குச் சற்று முன்னாக, சரிவாக மேலிருந்து விளக்கு ஒளிர்தல் நன்று. அவ்வாறு சரிந்து விழும் ஒளியில் இரு தகடுகளின் இடைவெளி ஒரு கருங்கோடாகத் தெளிவுறும். நேர் மேலிருந்து விழும் ஒளி அக்கோட்டை அழித்துவிடுகின்றது.

விளக்கைத் தாங்குவதற்கு, பழுதாகிக் கிடக்கும் நின்ற மின்விசிறியின் கால் மிகவும் உகந்தது. அதன் அடிப்பாகம் கனமானது. உயரத்தை ஏற்றி இறக்கலாம். விசிறியின் தலை இருந்த இடத்தில் விளக்கைப் பூட்டினால் வேண்டிய பக்கம் திருப்பலாம். இஃது இல்லாதவர் பழைய உழவு இயந்திரச் சில்லின் இரும்பு வட்டத்தில் ஒரு குழாயை நட்டுக்கொள்ளலாம். புதிதாக வெல்டிங் பழகுபவருக்கு இதுவே முதல் வேலையாகவும் அமையும்.

விளக்கு எவ்வகையினது

வீட்டு மின்சாரத்தில் விளக்கையும் வெல்டிங் பெட்டியையும் ஒரே நீட்டுக்கம்பியிற் பூட்டுவது பொதுவழக்கம். குச்சி தட்டியவுடன் விளக்கு மங்குவதை அனைவரும் கண்டிருப்பர். மெல்லிய நீண்ட கம்பியிற் பெருமின்னோட்டம் செல்லுங்கால் அதன் நுனியில் வோல்ற்றளவு விழுந்துவிடுகின்றது. விளக்கு மங்குவதோடு மின்வில்லும் தளர்ந்து குச்சி இரும்பில் ஒட்டிக்கொள்ளும். கம்பியைத் தடித்ததாகவும் குறுகியதாகவும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும். சுருட்டிய கம்பியை முழுதும் விரித்தே பயன்படுத்துதல் வேண்டும், இல்லையெனிற் சுருளிற் சூடேறும். விளக்கிற்கு வேறொரு மின்வாயிலிலிருந்து கம்பி எடுத்தல் நன்று.

ஆனால் கமக்காரருக்கு இதனினும் மேலான வழி ஒன்றுண்டு. உழவு இயந்திரங்களிற் பூட்டுவதற்கென 12 வோல்ற்றில் எரியும் எல்.ஈ.டி. வேலை விளக்குகள் உதிரிப்பாகக் கடைகளிற் கிடைக்கின்றன. 18 உவாற்று விளக்கொன்று இரண்டடி தூரத்தில் வீட்டு வேலைக்குப் போதுமானது. நல்ல நிலையிலுள்ள 5 அம்பியர்-மணிப் பற்றரி அதனை இரண்டு மணித்தியாலத்திற்கு மேல் எரிக்கும். வெல்டிங் பெட்டி எவ்வளவு மின்னோட்டம் இழுத்தாலும் அவ்விளக்கு மங்காது. கிணற்றடியிலோ ஈரத் தரையிலோ வேலை செய்யுங்கால் 230 வோல்ற்று விளக்குக் கம்பி காலடியிற் கிடக்கும் ஆபத்தும் இல்லை. மின்வெட்டுக் காலத்தில் வீட்டிற்கும் அது பயன்படும். 2022 ஆம் ஆண்டில் நாளொன்றிற்குப் பன்னிரண்டு மணித்தியாலத்திற்கும் மேல் மின்சாரம் நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை.

பற்றரியைப் பொறி பறக்கும் இடத்திற்கு எட்டத்தில், காற்றோட்டமான இடத்தில் வைத்தல் வேண்டும். அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றக் கூடியது. விளக்கின் உலோகப் பாகமும் கம்பியும் ஒட்டப்படும் இரும்பில் முட்டுதல் ஆகாது. உழவு இயந்திரத்திலேயே ஏதேனும் பாகத்தை ஒட்டுவதாயின், அதன் பற்றரியைக் கழற்றி அப்பாற் கொண்டுபோன பின்னரே வேலையைத் தொடங்குக.

தெரிவதற்கேற்ப இரும்பை ஆயத்தஞ் செய்தல்

எவ்வளவு வெளிச்சம் இருப்பினும் துருவும் சேறும் மூடிய இரும்பு ஒளியை விழுங்கிவிடும். இணைப்பின் இருபுறமும் ஓரங்குல அகலத்திற்குக் கம்பித் தூரிகையால் அல்லது அரைப்பானால் தேய்த்து வெள்ளிரும்பு தோன்றச் செய்தல் வேண்டும். பின்னர் இணைப்பிற்கு இணையாக, அரை அங்குலம் விலகி, சோக்கட்டியால் ஒரு கோடு இழுக்குக. மின்வில்லின் ஒளியிலேயே இக்கோடு வெண்மையாகத் தெரிந்து கைக்கு வழி காட்டும். எண்ணெயும் பெயின்றும் கிடந்தாற் புகை எழுந்து பார்வையை மறைக்கும். நாகம் பூசிய குழாயை ஒட்டுதலில் எழும் வெண்புகை பார்வைக்கு மாத்திரமன்றி உடலுக்கும் தீங்கு. அன்றிரவு காய்ச்சலும் நடுக்கமும் தரும். அப்பூச்சை அகற்றி, திறந்த வெளியில், காற்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் புகையை அடித்துச் செல்லுமாறு அமர்ந்து வேலை செய்க.

உருளும் உழவுக் கத்தி முறிந்தால் அதனை ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. இணுவிற் செம்மண்ணில் சுண்ணாம்புக் கற்கள் கலந்திருத்தலின் கத்தி வேகமாகத் தேய்வதும் முறிவதும் உண்மையே. எனினும் அது கடினமாக்கப்பட்ட உருக்கு. சாதாரண குச்சியால் ஒட்டிய இடத்திற்கு அருகே நொறுங்குந் தன்மை பெற்று, மறுபடி முறிந்து எறியப்படக்கூடும். புதிய கத்தி வாங்குதலே நன்று.

முதற் தட்டு

மேற்கூறிய ஒழுங்குகள் முடிந்தபின், தலையில் அணியும் முகமறைப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு, விளக்கொளியில் இணைப்பைப் பார்க்குக. குச்சியின் நுனியை, ஒட்டத் தொடங்கும் புள்ளிக்கு மேல் கால் அங்குலத்தில் நிறுத்துக. முழங்கையையோ மறு கையையோ ஏதேனும் ஒன்றில் ஊன்றிக்கொள்ளுதல் வேண்டும். ஊன்றிய கை இருளிலும் இடம் பெயராது. பின்னர்த் தலையைச் சிறிது அசைத்து முகமறைப்பை விழவிட்டு, தீக்குச்சி கிழிப்பது போலக் குச்சியை இணைப்பின் வழியே மெல்லக் கீறுக. இணைப்பிற்கு வெளியே கீறுதல் கூடாது. மின்சாரம் போகாமலேயே இதனை இருபது முறை பழகிக்கொண்டால், ஒரு மாலையிற் கை படிந்துவிடும். கையிற் பிடிக்கும் முகமறைப்பு இதற்கு உதவாது. பொருளைப் பிடிக்க ஒரு கை இல்லாமற் போவதால் வேறொருவரை அழைக்கும்படி நேரிடுகின்றது.

மின்வில் எழுந்தபின் அதன் ஒளியையே பார்த்துக்கொண்டிருத்தல் பழகாதவர் செய்யும் பிழை. பார்க்கவேண்டியது அதற்குப் பின்னால் உருகி நிற்கும் இரும்பின் சிறு குளத்தையும், அது இரு தகடுகளின் ஓரத்தையும் தொடுகின்றதா என்பதையுமே. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, புகைத்தூணிற்கு வெளியே முகத்தை வைத்துக்கொண்டால் இது தெரியும். மேற்சொன்ன சில்லின் பற்கள் கழன்றதும் இதனாலேயே. கண்ணை மூடி ஒட்டியபொழுது உருகிய இரும்பு முழுதும் பல்லின்மேலேயே படிந்து, சில்லின் வட்டத்தைத் தொடவேயில்லை.

தானே கருக்கும் முகமறைப்பு

மின்வில் எழுந்த கணத்திற் தானே கருக்கும் கண்ணாடி கொண்ட முகமறைப்பு 1981 ஆம் ஆண்டிற் சுவீடன் நாட்டில் விற்பனைக்கு வந்தது. இப்பொழுது எமது நகரங்களிலுங் கிடைக்கின்றது. வசதியுள்ளவர் இதனையே வாங்குக. முகமறைப்பை உயர்த்தாமலே இணைப்பைப் பார்க்கலாம் என்பது இதன் பெருநன்மை. ஆயின் இது வெளிச்சத்தின் தேவையை ஒழிப்பதன்று. கருக்காத நிலையிலும் இக்கண்ணாடி 3 அல்லது 4 ஆம் இலக்கத்தில் இருக்கும். 4 ஆம் இலக்கம் ஒளியில் இருபதில் ஒரு பங்கையே விடுவது. மாலையிற் கொட்டிலின் கீழ் இதனை அணிந்தவர், விளக்கில்லையெனின், பழைய கண்ணாடிக்காரரைப் போலவே இடர்ப்படுவர்.

இதன் முகப்பிலுள்ள சிறு உணரிகளை வேலைப்பொருளோ குழாயோ கையோ மறைத்தால் கண்ணாடி கருக்காது. அதற்கு மாறாக, விளக்கொளி நேரே உணரியிற் பட்டால் வேண்டாத நேரத்திற் கருத்துவிடும். விளக்கைச் சற்றுத் திருப்பினால் அது தீரும். வேலை தொடங்குமுன் முகமறைப்பை அணியாமற் கையிற் பிடித்து, உணரி வெயிலை நோக்குமாறு திருப்பிப் பார்க்கலாம்; கருக்கவில்லையெனின் அன்று அதனைப் பயன்படுத்தலாகாது. தரச்சான்று பொறிக்கப்பட்ட கண்ணாடி, கருக்காத நிலையிலும் கழியூதாக் கதிரைத் தடுக்கும். சான்றில்லாதவற்றைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. ஈ.என். 379 என்ற குறி உள்ளதா என்று பார்த்து வாங்குக.

எவ்வகை முகமறைப்பாயினும், கருங்கண்ணாடிக்கு வெளியே ஒரு தெளிந்த கண்ணாடி காவலாக உண்டு. பொறி தெறித்து அது புள்ளி புள்ளியாகிப் பனிமூட்டம் போலாகும். விலை மிகக் குறைந்த அதனை மாற்றாமல், கண் மங்கிவிட்டதென்று வருந்துபவர் பலர்.

நாற்பதைக் கடந்தவருக்கு

நாற்பது வயதிற்கு மேற் கிட்டப் பார்வை குறைதல் இயல்பு. வெள்ளெழுத்துக் கண்ணாடியின்றிப் பத்திரிகை படிக்க இயலாத ஒருவர், ஒன்றேகால் அடி தூரத்திலுள்ள இணைப்பை எவ்வாறு பார்ப்பார்? அக்கண்ணாடியை முகமறைப்பின் உள்ளே அணிந்தே வேலை செய்தல் வேண்டும். உட்புறத்திற் செருகத்தக்க பெருக்கும் வில்லைகளும் விற்கப்படுகின்றன. கை பதறுகின்றது, இனித் தம்மால் இவ்வேலை ஆகாது என்று பெட்டியை மகனிடங் கொடுத்துவிட்ட முதியவர் ஒருவர், மூக்குக்கண்ணாடி அணிந்து ஒட்டத் தொடங்கியபின் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டதை நான் அறிவேன். மகனுக்கு அது பிடிக்கவில்லை.

சூழ நிற்பவர்கள்

விளக்கிற்கு ஒரு கால் கிடைத்தபின், பொருளைப் பிடிக்க ஒரு கவ்வியும் மேசைக் குறடும் இருந்தால், அருகில் எவரும் நிற்கவேண்டிய தேவை இல்லை. பிடித்தே ஆகவேண்டுமெனின் பிடிப்பவருக்கும் முழு முகமறைப்பு ஒன்று வேண்டும். தட்டுமுன் "மூடு" என்று உரக்கச் சொல்லும் வழக்கத்தைக் கைக்கொள்க.

சிறு பிள்ளைகள் நீல ஒளியைப் பார்க்க ஓடி வருவர். வெருட்டி அனுப்பினாலும் வேலிக்கு மறுபுறம் நின்று பார்ப்பர். ஆகையாற் பழைய தகரமொன்றிற்கு மினுக்கமில்லாத கரும்பெயின்ற் பூசி, வீட்டுப் பக்கமும் ஒழுங்கைப் பக்கமும் மறைப்பாக நிறுத்துதல் வேண்டும். பளபளக்கும் புதிய தகரம் ஒளியைத் திருப்பி எறிதலின் அதனை அவ்வாறே நிறுத்துதல் பயனற்றது. கிடுகு வேலிக்கு அருகே வேலை செய்யலாகாது. ஒரு வாளி நீரும் மணலும் எட்டுந் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

கண் எரிந்தால்

இவ்வளவு செய்தும் ஒருவருக்குக் கண்ணில் ஒளிபட்டு இரவில் நோவு கண்டால், கண்ணைக் கசக்காமல் இருட்டறையிற் படுக்கவைத்து, தூய நீரில் நனைத்த குளிர்ந்த துணியை மூடிய இமைகளின்மேல் இடுக. தாய்ப்பால் விடுதல், உருளைக்கிழங்குச் சீவல் வைத்தல், இலைச்சாறு பிழிதல் ஆகியவை நம்மிடையே வழக்கத்தில் உள்ளன. பொசுங்கிய படலத்தில் அவற்றாற் கிருமி புகக்கூடுமாதலின் அவற்றை விலக்குக. பெரும்பாலும் ஓரிரு நாளில் இந்நோவு தானே ஆறும். பார்வை மங்கினாலோ, இரண்டு நாளில் நோவு தணியாவிட்டாலோ, இரும்புத் துகள் ஏதும் விழுந்திருக்குமென்ற ஐயம் இருந்தாலோ உடனே யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவிற்குச் செல்லுக. அங்கே கண்ணைச் சோதிக்குங்கால் மரத்துப்போகும் துளிமருந்து இடுவர். நோவு மாயம்போல் நின்றுவிடும். அம்மருந்தை வீட்டிற்குத் தருமாறு கேட்டலோ, கடையில் வாங்கித் தாமே இடுதலோ கூடாது. அதனைத் தொடர்ந்து இட்டாற் படலம் ஆறாமற் புண்ணாகிவிடும்.